கிருமிக் கோட்டையும் நறுமணத் தைலமும்



குடிநீர்க் குடம் ஒன்றை நாள்தோறும் தேய்த்துக் கழுவாமல், பழைய நீரைக் கொட்டிப் புதுநீரை நிரப்பி மட்டும் வந்தால், சில நாட்களில் அதன் உட்புறம் வழுவழுத்துப் போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். விரலால் தடவினால் கோழை போன்ற மெல்லிய பூச்சு ஒன்று தட்டுப்படும். நீரைக் கொட்டினால் அது போவதில்லை. புதுநீர் ஊற்றி அலசினாலும் போவதில்லை. தேங்காய் நாரும் புளியும் கொண்டு அழுந்தத் தேய்த்தால்தான் போகிறது. இதனை வெறும் அழுக்கு என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அஃது உயிருள்ளதோர் ஊர். எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஒன்றுகூடி, தமக்குத் தாமே மதில் எழுப்பிக்கொண்டு வாழும் குடியிருப்பு. ஆங்கிலத்தில் ‘பயோஃபிலிம்’ என்பர். நாம் உயிர்ப்படலம் எனலாம்.

குடத்தில் மட்டுமன்று, ஆற்றுப் பாறையிலும், பால் செல்லும் குழாயிலும், நம் பற்களின் மீதும், நோயாளிக்குப் பொருத்திய செயற்கை மூட்டின் மீதும் இப்படலம் படிகிறது. குடத்தில் படிந்தால் தேய்த்துவிடலாம். உடலுக்குள் படிந்தால் எதனால் தேய்ப்பது? வலிமை மிக்க மருந்துகளும் தயங்கி நிற்கும் இவ்விடத்தில், ஓமம், கிராம்பு, இலவங்கப்பட்டை முதலிய மணப்பொருள்களின் தைலங்கள் கைகொடுக்குமா என்று பல நாடுகளில் ஆராய்ந்து வருகின்றனர். அவை எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே பயன்படா என்பதைக் காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பல்லாண்டுகள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். கைவைத்தியம் பற்றிப் பேச்செழுந்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பாட்டி சொன்னது அனைத்தும் மெய் என்பர் ஒருசாரார். பாட்டி சொன்னதனாலேயே அது பொய் என்பர் மற்றொரு சாரார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோல் தோன்றினும், சோதித்துப் பாராமலே முடிவு கட்டுவதில் இருவரும் ஒன்றே. தைலத்தின் கதை இவ்விரு சாராருக்கும் உரியது.

உயிர்ப்படலத்தை முதன்முதல் நுண்பெருக்கியில் கண்டவர்களுள் ஒருவர், ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துவந்த ஆன்டனி வான் லேவன்ஹுக். கல்லூரிப் படிப்பு அவருக்கு இல்லை. ஆனால் கண்ணாடி வில்லைகளைத் தம் கையாலேயே தேய்த்து, நுண்பெருக்கி அமைப்பதில் அவருக்கு நிகர் எவருமில்லை. தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்ணிற மாவு போன்ற பொருளைச் சுரண்டி, தூய நீரில் கலந்து நோக்கினார். துள்ளித் திரியும் சிற்றுயிர்கள் பல கண்டார். இச்செய்தியை 1683-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார்.

அக்கடிதத்தில் மற்றொரு சோதனையும் உண்டு. அவர் கடுமையான காடியை வாயில் வைத்துக் கொப்புளித்தார். பின்னர் நல்ல நீராலும் வாயைக் கழுவினார். அதன் பிறகு பல்லழுக்கைச் சுரண்டிப் பார்த்தபோது உயிர்கள் எண்ணற்றவை எஞ்சியிருந்தன. ஆனால் சுரண்டிய அழுக்கை நீரில் கரைத்து, அந்நீரில் சிறிது காடியைக் கலந்தபோது அவை உடனே மாண்டன. இதிலிருந்து அவர் கண்ட முடிவு யாது? கொப்புளித்த காடி அழுக்கின் மேற்புறத்திலிருந்த உயிர்களை மட்டுமே கொன்றது. அழுக்கின் உட்புறம் வரை அது ஊடுருவவில்லை என்பதே.

மாணவர்களே, இச்சோதனையின் நயத்தைக் கருதிப் பாருங்கள். உயிர் அதுவே, காடியும் அதுவே. கூட்டமாகப் படிந்திருந்தபோது பிழைத்தது. கலைத்து நீரில் மிதக்கவிட்டபோது மாண்டது. ஏறத்தாழ 340 ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகர் தம் பல்லில் கண்ட இவ்வுண்மையே இன்றைய மருத்துவ உலகின் பெரிய சிக்கல்களுள் ஒன்றாக நிற்கிறது.

எனினும் இவ்வுண்மை நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக், ஒரே இனத்துக் கிருமியைத் தனியே பிரித்து வளர்க்கும் முறையை 1881-இல் வெளியிட்டார். மறு ஆண்டே காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அம்முறை மனித குலத்துக்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. ஆயினும் அதன் வழிவந்த ஆய்வாளர்கள், குடுவையில் ஊட்டநீர் ஊற்றி, அதில் தனித்தனியே மிதக்கும் கிருமியையே பெரும்பாலும் பார்த்துப் பழகிவிட்டனர். புது மருந்துகளும் மிதக்கும் கிருமிகள்மீதே சோதிக்கப்பட்டன. 1943-இல் கிளாட் ஜோபெல் என்பார், கடல்நீரிலுள்ள பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைக் காட்டிலும் புட்டியின் சுவரை ஒட்டி வளர்வதையே விரும்புகின்றன என்று எடுத்துக்காட்டினார். 1978-இல் கானடா நாட்டு அறிஞர் வில்லியம் காஸ்டர்ட்டனும் அவர் தோழர்களும், இயற்கையில் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழும் தன்மையைப் பொதுமக்களும் அறியும் வண்ணம் விளக்கி எழுதினர். அதன் பின்னரே உயிர்ப்படல ஆராய்ச்சி விரைந்து வளர்ந்தது.

இப்படலம் எவ்வாறு அமைகிறது? மிதந்து வரும் பாக்டீரியா முதலில் ஒரு பரப்பில் இலேசாக ஒட்டுகிறது. இந்நிலையில் அதனை நீரோட்டமே அடித்துச் சென்றுவிடக்கூடும். சிறிது நேரம் தங்கிவிட்டாலோ, அது நிலையாக ஊன்றிக்கொண்டு பெருகத் தொடங்குகிறது. தன்னைச் சுற்றிப் பசை ஒன்றைச் சுரக்கிறது. சர்க்கரை இனப் பொருள்கள், புரதங்கள், டி.என்.ஏ. ஆகியவை கலந்தது அப்பசை. பெரும்பாலான படலங்களை உலர்த்தி எடை பார்த்தால், பத்தில் ஒரு பங்கு கூட பாக்டீரியா இராது. எஞ்சியதெல்லாம் பசையும் அதில் சிக்கியவையுமே. படலம் தடித்து வளரும்போது, இடையிடையே நீர் செல்லும் கால்களும் அமைகின்றன. அவற்றின் வழியே உணவு உட்செல்கிறது, கழிவு வெளியேறுகிறது. ஊர் நிரம்பியதும் சில உயிர்கள் பிரிந்து மிதந்து சென்று வேறோரிடத்தில் புதுக்குடி அமைக்கின்றன.

கண்ணும் செவியும் இல்லாத இவ்வுயிர்கள் எவ்வாறு ஒன்றுகூடிச் செயற்படுகின்றன? 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்னும் மூவர், ஒளிவீசும் கடல் பாக்டீரியா ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அது சிலவாக இருக்கும்போது ஒளிர்வதில்லை. கூட்டம் பெருகிய பின்னரே ஒளிர்கிறது. ஒவ்வோர் உயிரும் ஓர் இரசாயனப் பொருளைச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. கூட்டம் மிகுந்தால் அப்பொருளின் செறிவும் மிகும். அச்செறிவே, ‘நாம் பலராகிவிட்டோம்’ என்னும் பறையறைவிப்பு. சூடோமோனாஸ் என்னும் கிருமியின் படலம் முறையாக வளர்வதற்கும் இத்தகைய செய்திப்பொருள் வேண்டும் என்பது 1998-இல் காட்டப்பட்டது.

இனி, மருந்து ஏன் தோற்கிறது என்று காண்போம். மிதக்கும் கிருமியைக் கொல்லப் போதுமான மருந்தைப் போல் பத்து மடங்கு, நூறு மடங்கு, சிலவேளை ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் படலத்திலுள்ள கிருமி பிழைப்பதுண்டு. முதற் காரணம் பசை. அது சில மருந்துகளைப் பிடித்து நிறுத்துகிறது. சிலவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. இரண்டாவது காரணம் உறக்கம். படலத்தின் அடியிலுள்ள உயிர்களுக்கு உணவும் உயிர்வளியும் அரிதாகவே கிடைப்பதால், அவை வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு கிடக்கின்றன. பெனிசிலின் போன்ற மருந்துகளோ, கிருமி வளர்ந்து தன் சுவரைக் கட்டும்போதுதான் அதனைத் தாக்குகின்றன. கட்டாத வீட்டுக்குக் கொத்தனாரைத் தடுத்து என்ன பயன்? மூன்றாவது காரணம், எந்தக் கூட்டத்திலும் சில உயிர்கள் மருந்துக்கு அசையாமல் இருப்பதாகும். பெனிசிலின் இட்ட பின்னும், ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒன்றாகச் சில கிருமிகள் தப்பிப் பிழைப்பதை அயர்லாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிக்கர் 1944-இல் கண்டு எழுதினார்.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து காலெலும்பு முறிந்தார். முறிந்த எலும்பை உலோகத் தகடு வைத்து இணைத்தனர். எலும்பு கூடிற்று, ஆனால் தகட்டின் மேலிருந்த புண் ஆறவில்லை. மருந்து உட்கொள்ளும் வரையில் சீழ் வற்றும், காய்ச்சல் தணியும். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் மீண்டும் தலைகாட்டும். இவ்வாறு ஓராண்டுக்கு மேல் சென்றது. “ஐயா, கழித்துக்கொண்டே போனால் கடைசியில் சுழி வரவேண்டாமா? இந்தக் கணக்கு ஏன் தீரமாட்டேன் என்கிறது?” என்று அவர் என்னிடம் கேட்பார். வேதனையிலும் கணக்கை மறவாதவர் அவர். இறுதியில், எலும்பு நன்கு கூடிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட மருத்துவர், அத்தகட்டையே எடுத்துவிட்டார். அதன் பின்னரே புண் ஆறிற்று. மருந்து கழித்தது மிதந்து வந்த கிருமிகளை. கழிபடாமல் நின்றது தகட்டில் ஒட்டிய படலம்.

அவர் படுக்கையிலிருந்த நாட்களில் உறவினர் ஒருவர் ஒரு புட்டி கிராம்புத் தைலம் கொண்டுவந்து, “இதைப் புண்ணில் ஊற்றுங்கள், எந்தக் கிருமியும் நிற்காது” என்று வற்புறுத்தினார். ஆசிரியர் என் கருத்தைக் கேட்டார். மருத்துவரைக் கேளாமல் ஊற்றவே வேண்டா என்றேன். கிராம்புத் தைலத்துக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை என்பதனால் நான் அவ்வாறு சொல்லவில்லை. அவ்வாற்றல் அதற்கு உண்டு. பின் ஏன் தடுத்தேன்? இதற்கு விடை காணத் தைலத்தின் இயல்பை அறிய வேண்டும்.

நறுமணத் தைலம் என்றதும் நல்லெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் நினைக்க வேண்டா. அவை கொழுப்புகள். காகிதத்தில் ஒரு துளி விட்டால் அவற்றின் கறை நிலைத்து நிற்கும். நறுமணத் தைலத் துளியோ சிறிது நேரத்தில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். இலை, பட்டை, மொட்டு, விதை ஆகியவற்றின் ஊடே நீராவியைச் செலுத்தி, ஆவியுடன் கலந்து வரும் தைலத்தைக் குளிரவைத்துப் பிரித்தெடுப்பது வழக்கம். செடிகள் இதனை நமக்காகச் செய்து வைப்பதில்லை. ஓரிடத்தில் வேரூன்றி நிற்கும் உயிர் ஓடி ஒளிய இயலாதன்றோ? பூச்சியையும் பூஞ்சையையும் கிருமியையும் எதிர்க்க அது கைக்கொண்ட கருவிகளுள் இத்தைலங்களும் சேரும்.

ஒரு தைலத்தில் பல்வேறு பொருள்கள் கலந்திருக்கும். அவற்றுள் ஒன்றிரண்டே முதன்மையானவை. கிராம்புத் தைலத்தில் யூஜினால். இலவங்கப்பட்டைத் தைலத்தில் சின்னமால்டிஹைடு. நீலகிரித் தைலம் என்று நாம் வழங்கும் யூகலிப்டஸ் தைலத்தில் சினியோல். ஐரோப்பியர் சமையலில் இடும் ஓரிகானோ இலையில் கார்வக்ரால். நம் ஓமத்தில் தைமால். ஓமத்திரவத்தின் காரமான மணம் தைமாலின் மணமே.

தைமாலுக்கு நம் நாட்டோடு தொடர்புள்ள வரலாறு ஒன்று உண்டு. ‘தைம்’ என்னும் ஐரோப்பியச் செடியின் தைலத்திலிருந்து காஸ்பர் நாய்மன் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் 1719-இல் இப்பொருளைப் பிரித்தெடுத்தார். கிருமிநாசினியாகவும், குடலிலுள்ள கொக்கிப் புழுவை வெளியேற்றும் மருந்தாகவும் பிற்காலத்தில் இது பெரிதும் வேண்டப்பட்டது. 1914-இல் முதல் உலகப் போர் மூளும் முன், நம் நாட்டு ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றது. அங்கே அதிலிருந்து தைமால் வடிக்கப்பட்டது. இன்று தைமால் பெரும்பாலும் தொழிற்சாலையில் செயற்கை முறையிலேயே ஆக்கப்படுகிறது. ஓமத்திலிருந்து வந்த தைமாலுக்கும் தொழிற்சாலைத் தைமாலுக்கும் அணு அமைப்பில் வேறுபாடு எதுவும் இல்லை. இயற்கையில் விளைந்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகாது. ஆலையில் பிறந்தது என்பதனால் மட்டும் நஞ்சாகாது.

தைமால் கிருமியை எவ்வாறு தாக்குகிறது? பாக்டீரியாவின் உயிரணுவைக் கொழுப்புத் தன்மையுள்ள மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. தைமாலும் கார்வக்ராலும் நீரில் அரிதாகவே கரைவன. கொழுப்பில் எளிதில் கலப்பன. ஆதலின் அவை சவ்வுக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. உள்ளிருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது. ஆற்றலைச் சேமித்து வழங்கும் ஏ.டி.பி. என்னும் பொருள் குறைகிறது. இறுதியில் உயிரணு செயலிழக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெனிசிலின் வளரும் கிருமியையே தாக்கும் என்றேன். ஆனால் வளர்ந்தாலும் உறங்கினாலும் சவ்வின்றி எந்த உயிரும் இருக்க முடியாது. ஆகவே, உறங்கும் கிருமியையும் எட்டும் வாய்ப்புச் சவ்வைத் தாக்கும் பொருளுக்கு உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இத்தைலங்களின்மீது நாட்டம் கொண்டதற்கு இது முக்கியமான காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. கிருமியைக் கொல்லாத சிறிய அளவிலேயே சில பொருள்கள் அதன் செய்திப் பரிமாற்றத்தைக் குலைக்கின்றன. சின்னமால்டிஹைடு இவ்வாறு செய்வதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பறையோசை கேளாத ஊரில் மதில் எழுப்ப ஆள் திரளாது. கிருமியை மாய்க்காமலே அதன் கோட்டையைத் தடுக்கலாம் என்னும் இவ்வெண்ணம் புதுமையானது.

ஆய்வுக்கூடத்தில் இதனை எவ்வாறு அளக்கின்றனர்? உள்ளங்கை அளவான பிளாஸ்டிக் தட்டு ஒன்றில், வரிசைக்கு 12 ஆக 8 வரிசைகளில் 96 சிறு குழிகள் இருக்கும். குழிகளில் ஊட்டநீரும் கிருமியும் இட்டு, தைலத்தை வெவ்வேறு அளவில் கலந்து, ஒரு நாள் போல் வைத்திருப்பர். பின்னர் நீரைக் கொட்டி, கழுவி, ஊதா நிறச் சாயம் ஊற்றுவர். படலம் படிந்த குழியில் சாயம் ஏறும். படியாத குழி வெளிறி நிற்கும். சாயத்தைக் கரைத்து அதன் செறிவை அளந்தால் படலத்தின் அளவு தெரியும். எளிய, அழகிய முறைதான். ஆனால் இச்சாயம் உயிருள்ள கிருமியிலும் ஏறும், இறந்த கிருமியிலும் ஏறும், பசையிலும் ஏறும். எனவே சாயம் குறைந்தது என்பதற்கும் கிருமி மாண்டது என்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு. தைலத்தின் ஆவி பக்கத்துக் குழிகளுக்குள் பரவி அவற்றின் முடிவையும் கெடுத்துவிடக்கூடும். நல்ல ஆய்வாளர் இவற்றையெல்லாம் எண்ணி, வேறு வழிகளாலும் சரிபார்ப்பார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்குச் செல்லும் வழியில் தடைகள் பல. தைலம் நீரோடு கலவாது. ஒரே பெயர் கொண்ட செடியின் தைலமும் மண்ணுக்கும் பருவத்துக்கும் வகைக்கும் ஏற்ப மாறும். தைம் செடியிலேயே தைமால் மிகுந்த வகையும் உண்டு, அது மிகக் குறைந்த வகையும் உண்டு. சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் புறச்சவ்வு ஒன்றைக் கவசமாகக் கொண்டு, உட்புகுந்ததையும் வெளியே இறைத்துவிடும் ஆற்றல் பெற்றிருப்பதால், பல தைலங்களுக்கு எளிதில் மசிவதில்லை.

எல்லாவற்றினும் பெரிய தடை எது தெரியுமா? சவ்வு கிருமிக்கு மட்டும் உரியதன்று. நம் உயிரணுக்களுக்கும் உண்டு. கிருமியின் சவ்வைக் குலைக்கும் தைலம், செறிவு மிகுந்தால் நம் சதையின் சவ்வையும் குலைக்கும். கணித ஆசிரியரை நான் தடுத்ததன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? தகட்டின்மேல் ஒட்டிய படலத்தை அழிக்கும் அளவுக்குத் தைலத்தை ஊற்றினால், ஆறத் துடிக்கும் சதை முதலில் வெந்துபோகும். குறைவாக ஊற்றினால் மேற்புறத்துக் கிருமி மட்டும் மாயும்; அடியிலுள்ளது நிற்கும். லேவன்ஹுக்கின் காடிக் கதையே அங்கும் நடக்கும்.

அப்படியாயின் தைலத்தால் பயனே இல்லையா? உண்டு. அதுவும் லேவன்ஹுக் பார்த்த அதே பற்களில் உண்டு. பல்லின் மேல் படியும் படலம் கையெட்டும் இடத்தில் இருக்கிறது. நாள்தோறும் புதிதாகப் படிகிறது. தைலம் அங்கே அரை நிமிடம் நின்றுவிட்டு உமிழப்படுகிறது. ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை 1867-இல் வெளியிட்டார். அவருடைய பெயரைத் தழுவி 1879-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் லாரன்ஸ் என்பார் ‘லிஸ்டரின்’ என்னும் திரவத்தை ஆக்கினார். தைமால், யூகலிப்டால், மெந்தால், மெதில் சாலிசிலேட் என்னும் நான்கும் அதில் சேர்ந்தன. தைமாலின் அளவு நூற்றுக்கு 0.064 பங்கு மட்டுமே. பல் துலக்குவதோடு இத்தகைய திரவத்தால் நாள்தோறும் கொப்புளித்தவர்களுக்குப் பற்படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன என்பதை, ஆறு மாத கால அளவில் மனிதரிடையே நடத்திய சோதனைகள் பல காட்டியுள்ளன.

‘துலக்குவதோடு’ என்ற சொல்லை மறவாதீர்கள். கோட்டையைத் தூரிகை இடிக்க வேண்டும். இடிந்த கோட்டையிலிருந்து சிதறியவற்றையும், தூரிகை எட்டாத மூலையில் புதிதாகக் கால் ஊன்றுபவற்றையும் தைலம் தாக்கலாம். துலக்காமல் கொப்புளிப்பது, குடத்தைத் தேய்க்காமல் நீரை மட்டும் மாற்றுவதைப் போன்றதே.

இதே திரவத்தின் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. சளியையும் தொண்டை வலியையும் இது தடுக்கும் என்று அமெரிக்காவில் பல்லாண்டுகள் விளம்பரம் செய்தனர். அரசின் வாணிபக் கண்காணிப்பு ஆணையம் இதனை விசாரித்து, அக்கூற்று ஆதாரமற்றது என்று 1975-இல் தீர்ப்பளித்தது. சளியைத் தடுக்காது என்பதை இனிவரும் விளம்பரங்களில் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்றும் ஆணையிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1977-இல் அவ்வாணையின் கருத்தை நிலைநிறுத்தியது. ஒரே புட்டி, அதைப் பற்றிய ஒரு கூற்று மெய், மற்றொன்று பொய். புட்டியை நம்புவதா வேண்டாவா என்று கேட்பதைவிட, எந்தக் கூற்றுக்கு எந்தச் சான்று உண்டு என்று கேட்பதே அறிவுடைமை.

ஆகையால், ஒரு தைலம் கிருமியைக் கொல்லும் என்று எவரேனும் சொன்னாலோ, நீங்கள் எங்கேனும் படித்தாலோ, நான்கு வினாக்களை எழுப்புங்கள். மிதக்கும் கிருமியைக் கொன்றதா, படிந்த கிருமியையா? புதிதாகப் படிவதைத் தடுத்ததா, முதிர்ந்த படலத்தையே நீக்கியதா? எந்த அளவில் கொன்றது. அந்த அளவை நம் உடல் தாங்குமா? கண்ணாடிக் குழியில் நிகழ்ந்ததா, மனிதரிடத்தில் நிகழ்ந்ததா? இந்நான்குக்கும் நல்ல விடை கிடைத்தால் மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். கிடைக்கும் வரை பொறுத்திருங்கள்.

மற்றோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தைலம் இருக்கிறது என்று எண்ணி மருத்துவர் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்துவது மிகவும் தீங்கானது. அளவு குறைந்த மருந்து கிருமிக்குப் பயிற்சி அளிப்பது போலாகும் என்று, பெனிசிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே எச்சரித்தார். சிலவகை மருந்துகள், கொல்லும் அளவுக்குக் குறைவாக இருக்கும்போது, படலம் தடித்து வளரவே தூண்டுகின்றன என்று 2005-இல் வெளியான ஆய்வு கண்டது. மேலும், நீலகிரித் தைலம் போன்றவற்றைச் சில மில்லிலிட்டர் குடித்தாலும் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு உண்டாகலாம். வீட்டில் தம்பி தங்கைகள் கைக்கு எட்டாத இடத்தில் அப்புட்டிகளை வையுங்கள்.

இன்றைய நிலையில், உடலுள் பொருத்திய கருவிகளின்மேல் படிந்த படலத்தைத் தைலத்தால் நீக்குவது ஒப்புக்கொள்ளப்பட்ட மருத்துவமாகவில்லை. கருவியின் மேற்பரப்பில் தைமால் போன்றவற்றை முன்கூட்டியே பூசிப் படலம் படியாமல் தடுப்பது, பழைய மருந்தோடு தைலப்பொருளைச் சேர்த்து அளவைக் குறைப்பது, நுண்துளிகளில் அடைத்து உரிய இடத்துக்கு அனுப்புவது ஆகிய வழிகளில் ஆய்வு நடந்து வருகிறது. அவ்வாய்வைத் தொடர உங்களுள் சிலர் முன்வரவேண்டும் என்பது என் அவா. இரசாயனமும் உயிரியலும் கணிதமும் கைகோக்கும் துறை இது.

தொடக்கத்துக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பள்ளியில் நுண்பெருக்கி இருக்குமாயின், ஆசிரியரின் மேற்பார்வையில், துலக்குவதற்கு முன் உங்கள் பல்லிடுக்கைத் தூய குச்சியால் மெல்லச் சுரண்டி, ஒரு துளி நீரில் கலந்து, 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். நன்றாகத் துலக்கிய பின் மீண்டும் அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள். வெறுமனே கொப்புளித்த பின் எடுத்ததையும் ஒப்பிடுங்கள். மூன்றையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் வரைந்து வையுங்கள். மற்றவர் சொன்னதற்கு மாறாக நீங்கள் கண்டால், கண்டதையே எழுதுங்கள். அடுத்த நாளும் அதுவே நிகழ்கிறதா என்று பாருங்கள்.